சுவரின் கணக்கு

சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் பெருஞ்சாலையில் வாலாசாப்பேட்டையைக் கடந்து மேற்கு நோக்கிச் செல்பவருக்குப் பாலாறு பல இடங்களில் கண்ணிற் படும். ஆறு எனப் பெயர் பெற்றிருப்பினும் ஆண்டின் பெரும்பகுதியில் அது வெறும் மணற்பரப்பே. அதனை ஒட்டி அமைந்த இராணிப்பேட்டை, மேல்விசாரம், வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்கள் தோல் தொழிலால் பெயர் பெற்றவை. 2019-ஆம் ஆண்டில் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டபின் இவ்வூர்கள் மூன்று மாவட்டங்களுக்கு உரியவாயின. எனினும் தொழில் ஒன்றே, ஆறு ஒன்றே. சாலையின் இருமருங்கும் தோல் பதனிடும் சாலைகளின் நீண்ட மதில்கள் தொடர்ந்து வரும். சில மதில்கள் வெள்ளை பூசியவை. சில, செங்கல் வெளித் தெரிய நிற்பவை. இன்னும் சில, அடிப்பகுதியில் வெண்பொடி பூத்து அரித்துக் கிடப்பவை. வழிப்போக்கர் அவற்றைப் பார்ப்பதில்லை. சுவரில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

கணக்குப் பார்க்கத் தெரிந்தவருக்கு அதில் நிரம்ப இருக்கின்றது. கணக்கோ இவ்வூர்களுக்குப் புதியதன்று. பதனிட்டு முடிந்த தோல் சதுர அடிக் கணக்கில் விலை பேசப்படுகின்றது. காலணித் தொழிற்சாலையில் தோலை வெட்டுவோர், ஒரு தோலிலிருந்து எத்தனை இணைக் காலணிக்கு மேற்பகுதி கிடைக்கும் என்பதை அதன் பரப்பை மட்டும் கொண்டு சொல்லிவிடுவதில்லை. முள் கீறிய வடு, உண்ணி கடித்த தடம், கழுத்துப்புறத்துச் சுருக்கம், வயிற்றுப்புறத்துத் தளர்ச்சி ஆகியவற்றைக் கையால் தடவிப் பார்த்தபின்னரே எண் சொல்வர். அளந்த பரப்பு ஒன்று. பயன்படும் பரப்பு மற்றொன்று. சுவர் எழுப்புவோர் கணக்கும் இத்தகையதே.

சுவர் கட்ட விரும்பும் உரிமையாளர், “முப்பதடி நீளம், ஆறடி உயரம். எத்தனை கல் வேண்டும், மேஸ்திரி?” என்று கேட்கின்றார். மேஸ்திரி உடனே விடை சொல்வதில்லை. “எந்தச் சூளைக் கல், முதலாளி?” என்று திருப்பிக் கேட்கின்றார். இது விடையைத் தள்ளிப்போடும் சூழ்ச்சி அன்று. செங்கல்லின் அளவு தெரியாமல் செங்கல்லின் எண்ணிக்கையைச் சொல்ல இயலாது. அளவோ சூளைக்குச் சூளை வேறுபடுகின்றது.

இந்தியத் தர நிறுவனம் செங்கல்லுக்கு ஓர் அளவை வகுத்திருக்கின்றது. அதன்படி கல்லின் நீளம் 19 செ.மீ., அகலம் 9 செ.மீ., உயரம் 9 செ.மீ. ஆகும். கல்லுக்கும் கல்லுக்கும் இடையே 1 செ.மீ. கனத்தில் சாந்து இடப்படுவதால், சுவரில் அமர்ந்தபின் ஒவ்வொரு கல்லும் 20, 10, 10 செ.மீ. அளவுள்ள இடத்தைக் கொள்கின்றது. இதன் கன அளவு 2,000 கன செ.மீ. ஒரு கன மீட்டர் என்பது 10 இலட்சம் கன செ.மீ. ஆதலால், ஒரு கன மீட்டர் சுவருக்கு 500 கற்கள் வேண்டும். இவ்வளவு எளிதாக வகுபடுவதற்காகவே அவ்வளவு தேர்ந்தெடுக்கப்பட்டதோ என்று எண்ணத் தோன்றும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்ளலாம். 10 மீட்டர் நீளமும் 2 மீட்டர் உயரமும் உள்ள சுற்றுச்சுவர் ஒன்று. கனம் ஒரு கல், அதாவது கணக்குக்கு 20 செ.மீ. இவற்றைப் பெருக்கினால் 4 கன மீட்டர் கிடைக்கும். கற்கள் 2,000. வண்டியிலிருந்து இறக்கும்போது உடைவனவும், அரைக்கல்லுக்காக வெட்டும்போது சிதறுவனவும் உண்டு. அச்சேதாரத்திற்காக நூற்றுக்கு ஐந்து கூட்டினால் 2,100 ஆகும். வாயில் உண்டானால் அதன் பரப்பைக் கழித்துவிட வேண்டும். அடித்தளத்துக்கு வேண்டிய கல், மண்ணுக்குள் மறைந்துவிடுவதால் பலர் அதனை மறந்துவிடுகின்றனர். அதனைத் தனியே கணக்கிட்டுக் கூட்ட வேண்டும்.

இனிச் சாந்து. 500 கற்களின் கன அளவு மட்டும் 0.77 கன மீட்டர். ஆகவே ஒரு கன மீட்டர் சுவரில் எஞ்சும் 0.23 கன மீட்டர் சாந்துக்கு உரியது. ஆனால் 0.23 கன மீட்டர் சாந்து வேண்டுமானால் அதே அளவு சிமெண்டும் மணலும் போதா. உலர்ந்த மணலின் இடைவெளிகளில் சிமெண்டும் நீரும் புகுந்துகொள்வதால் கலவை சுருங்கிவிடும். எனவே மூன்றில் ஒரு பங்கு கூட்டி, உலர்ந்த பொருள் ஏறக்குறைய 0.30 கன மீட்டர் எனக் கொள்வர். சிமெண்டு ஒரு பங்கு, மணல் ஆறு பங்கு எனக் கலந்தால் மொத்தம் ஏழு பங்கு. அதில் சிமெண்டின் பங்கு 0.043 கன மீட்டர். ஒரு கன மீட்டர் சிமெண்டின் எடை 1,440 கிலோ எனக் கொள்வது வழக்கமாதலால், இது 62 கிலோ ஆகின்றது. நான்கு கன மீட்டருக்கு 248 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டைகள் ஐந்து. மணல் ஒரு கன மீட்டருக்குச் சற்று மேல். மணலை ‘யூனிட்’ என்று விற்கும் ஊர்களில் நூறு கன அடி ஒரு யூனிட் ஆகும். அக்கணக்கில் இது மூன்றில் ஒரு யூனிட்டினும் சிறிது மிகுதி.

ஒன்றுக்கு ஆறு என்பதை ஒன்றுக்கு நான்கு என மாற்றினால் ஐந்து மூட்டை ஏழு மூட்டை ஆகும். சாந்து சுவரின் கன அளவில் நாலில் ஒரு பங்கே எனினும், பணத்தில் அதன் பங்கு பெரிது.

ஏட்டுக் கணக்கு இதுவரை சரியே. ஆனால் பாலாற்றுப் பக்கத்துச் சூளைகளில் கிடைக்கும் கல் பெரும்பாலும் தர நிறுவனத்தின் அளவில் இருப்பதில்லை. பழைய ஒன்பது அங்குலக் கல்லின் வழிவந்த கல்லே மிகுதி. கல் 22 செ.மீ. நீளமும் 10½ செ.மீ. அகலமும் 7 செ.மீ. உயரமும் உடையதாக இருப்பதாகக் கொண்டால், சாந்துடன் சேர்த்து ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 473 கற்கள் வேண்டும். கல்லின் எண்ணிக்கை குறைந்துவிட்டதென உரிமையாளர் மகிழ வேண்டுவதில்லை. கல் நீண்டதால் சுவரின் கனமும் 20 செ.மீ.யிலிருந்து 23 செ.மீ.க்கு உயர்ந்துவிட்டது. அதே பத்து மீட்டர்ச் சுவருக்கு இப்போது 2,174 கற்கள் வேண்டும். எனவேதான் அனுபவம் உடைய கொத்தனார் வண்டியிலிருந்து பத்துக் கற்களை எடுத்து, ஒன்றன்பின் ஒன்றாக நீளவாட்டத்தில் வைத்து அளந்து பத்தால் வகுக்கின்றார். ஒரு கல் சூளையின் நெருப்புக்கு அருகிலிருந்து சுருங்கியிருக்கலாம். மற்றொன்று ஓரத்தில் இருந்து சுருங்காமல் வந்திருக்கலாம். பத்துக் கற்களின் சராசரி ஏமாற்றுவதில்லை.

இதனினும் பெரிய வேறுபாடு ஒன்று கொத்தனாரின் கரணையில் ஒளிந்திருக்கின்றது. கல் கோணலாக இருந்தாலும், வேலை விரைவாக முடிய வேண்டும் என்ற எண்ணம் இருந்தாலும், சாந்து 1 செ.மீ. கனத்தில் நிற்பதில்லை, ஒன்றரை செ.மீ. ஆகிவிடுகின்றது. அரை செ.மீ. தானே என்று தோன்றும். அதே கல்லைக் கொண்டு கணக்கிட்டுப் பார்த்தால், ஒரு கன மீட்டருக்கு 473 ஆக இருந்த எண்ணிக்கை 417 ஆகக் குறைகின்றது, சாந்தோ 0.235 கன மீட்டரிலிருந்து 0.326 கன மீட்டராக உயர்கின்றது. ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பங்கு கூடுதல்! மூட்டைக் கணக்கு தவறிவிட்டதென்று மேஸ்திரியும், சிமெண்டு வெளியே போய்விட்டதென்று உரிமையாளரும் ஒருவரை ஒருவர் ஐயுறும் சண்டைகள் பலவற்றின் வேர் இந்த அரை செ.மீ.யே. சாந்து கூடினால் சுவர் உறுதி பெறும் என்று எண்ணுவோரும் உளர். உண்மை அதற்கு மாறானது. மெல்லிய சாந்தில் அமைந்த சுவரே உறுதியானது. தடித்த சாந்து சுவரின் வலிமையைக் குறைக்கின்றது.

மணலும் ஏமாற்றும். சிறிது ஈரமான மணலின் ஒவ்வொரு துகளையும் நீர்ப்படலம் சூழ்ந்து துகள்களை விலக்கிவைக்கின்றது. அதனால் மணல் ஐந்தில் ஒரு பங்குக்கு மேலும் உப்பிக் காணப்படும். மழைக்காலத்தில் பாண்டுக் கணக்கில் அளந்து கலப்பவர் ஆறு பாண்டு என எண்ணி உண்மையில் ஐந்து பாண்டு மணலே இடுகின்றார். சிமெண்டும் காலத்தால் மெலிவது. காற்றின் ஈரத்தை உறிஞ்சி, மூன்று மாதத்தில் தன் வலிமையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும். விலை குறைவாக இருக்கும்போது வாங்கி அடுக்கிவைப்பவர் இதனையும் கணக்கில் சேர்த்தல் நலம்.

தண்ணீரை எவரும் மதிப்பீட்டில் எழுதுவதில்லை. ஆனால் தோல் வட்டாரத்தில் அதனை எழுதாமல் விடுவது பெரும்பிழை. பச்சைத் தோல் அழுகாதிருக்க அதன்மேல் உப்பு தூவப்படுகின்றது. தோலின் எடையில் மூன்றில் ஒரு பங்கும் அதற்கு மேலும் உப்பு செலவாகும். பதனிடும் சாலையில் முதல் வேலையே அவ்வுப்பை நீரில் ஊறவைத்துக் கழுவுதல். பின்னர்ச் சுண்ணாம்பு, கந்தக அமிலம், குரோமிய உப்பு ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. பல பத்தாண்டுகளாக இந்நீர் நிலத்தில் இறங்கியதால் பாலாற்றுப் படுகையின் கிணறுகள் பல உப்பேறிப் போயின. குடிக்க உதவாத அந்நீர் சுவர் கட்டவும் உதவாது. உப்பு நீரில் குழைத்த சாந்திலும், உப்பு நிலத்தின் ஈரத்தை உறிஞ்சும் செங்கல்லிலும், நீர் ஆவியானபின் உப்பு நுண்துளைகளுக்குள் படிகமாகின்றது. படிகம் வளர்ந்து துளையின் சுவரைத் தள்ளுகின்றது. செங்கல்லின் முகம் செதில் செதிலாக உதிர்கின்றது. மதில்களின் அடியில் காணப்படும் வெண்பொடியின் வரலாறு இதுவே. கந்தக உப்புகள் இன்னும் ஒருபடி மேலே சென்று சிமெண்டோடு வேதிமாற்றம் கொண்டு சாந்தை உப்பச் செய்து வெடிக்கவைக்கும். சாதாரணக் கான்கிரீட்டுக்கான நீரில் ஒரு லிட்டருக்குக் கந்தக உப்பு 400 மில்லி கிராமும், குளோரைடு 2,000 மில்லி கிராமும் மேற்படக் கூடாதென்று தர நிறுவனத்தின் 2000-ஆம் ஆண்டு விதி கூறுகின்றது. உள்ளே இரும்புக் கம்பி இருக்குமானால் குளோரைடு 500 மில்லி கிராமைத் தாண்டக் கூடாது, ஏனெனில் அது கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். எனவே இவ்வட்டாரத்து மதிப்பீட்டில் நல்ல நீருக்கு லாரிக் கூலியும், தரைமட்டத்தில் ஈரம் மேலேறாமல் தடுக்கும் அடுக்குக்குரிய செலவும் இடம்பெற வேண்டும்.

கல்லைத் தேர்ந்தெடுத்தல், ஊறவைத்தல், நீராற்றுதல் ஆகியவற்றைக் கொத்தனார்கள் நன்கு அறிவர். இரு கற்களை ஒன்றோடொன்று தட்டினால் மணிபோல ஒலிக்க வேண்டும். நகத்தால் கீறினால் தடம் விழக் கூடாது. நீரில் 24 மணி நேரம் கிடந்த கல் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நீரைக் குடித்தால் அது சுவருக்கு ஆகாது. வேலூர் வெயிலில் உலர்ந்த கல்லை அப்படியே வைத்தால் அது சாந்தின் நீரை ஒரு நொடியில் உறிஞ்சிவிடும். சாந்து இறுகாமல் மணலாகிப்போகும்.

இத்துணைக் கவனத்துடன் கல்லையும் சிமெண்டையும் நீரையும் கணக்கிட்டு எழுப்பிய சுவர் விழாமல் நிற்குமா? இங்கேதான் மதிப்பீட்டின் உண்மையான வினா தொடங்குகின்றது.

மேலே கூறிய இரண்டு மீட்டர்ச் சுவரின் எடை அதன் அடியிலுள்ள கல்லின்மீது எவ்வளவு அழுத்துகின்றது என்று பார்த்தால் வியப்பு உண்டாகும். ஒரு சதுர செ.மீ.க்கு 400 கிராம் கூட இல்லை. தர நிறுவனம் ஏற்கும் மிகத் தாழ்ந்த வகைச் செங்கல்லே ஒரு சதுர செ.மீ.க்கு 35 கிலோ தாங்க வல்லது. அதாவது தேவைக்கு ஏறக்குறைய 90 மடங்கு. இதிலிருந்து தெரிவது யாது? தன் எடையால் நசுங்கி விழும் சுவர் உலகில் அரிது. சுவர்கள் விழுவது பக்கத்திலிருந்து தள்ளப்படுவதால். காற்று தள்ளும், மண் தள்ளும், நீர் தள்ளும். செங்கல் எண்ணிக்கையில் இவற்றுள் ஒன்றுகூட இடம்பெறுவதில்லை.

நீரை எடுத்துக்கொள்ளலாம். தொட்டி ஒன்றில் ஒரு மீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால், ஒவ்வொரு மீட்டர் நீளச் சுவரையும் அது அரை டன் விசையோடு தள்ளுகின்றது. நீர் இரண்டு மீட்டர் நின்றால் விசை ஒரு டன் அன்று, இரண்டு டன். மூன்று மீட்டர் நின்றால் நாலரை டன். ஆழம் மிக மிக அழுத்தமும் மிகுவதே காரணம். அதுவும் போதாதென்று, நீர் உயர உயர அவ்விசை தாக்கும் இடமும் உயர்கின்றது. நீண்ட கடப்பாரை பெரிய கல்லைப் புரட்டுவது போலச் சுவரைப் புரட்டும் ஆற்றல், அதாவது திருப்புத்திறன், இன்னும் விரைந்து வளர்கின்றது. தொட்டியின் உயரத்தை இருமடங்காக்கினால் செங்கல் இருமடங்கு, சிமெண்டு இருமடங்கு. தள்ளும் விசை நான்கு மடங்கு. புரட்டும் திறன் எட்டு மடங்கு. ஒரு கல் கனமுள்ள இரண்டு மீட்டர்ச் சுவர் தன் எடையால் எதிர்த்து நிற்கும் திறனைப் போல அத்திறன் ஏறக்குறைய 17 மடங்காகும். உள்ளே இருப்பது நீரன்றிச் சேறாயின் விசை இன்னும் மிகும், ஏனெனில் சேறு நீரினும் கனமானது.

இத்தகைய தொட்டிகள் தோல் வட்டாரத்தில் பெருகியதற்கு ஒரு வரலாறு உண்டு. கழிவுநீர் பாலாற்றில் கலப்பதை எதிர்த்து வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசு உண்டாக்கியவரே அதற்குரிய ஈட்டையும் செலுத்த வேண்டும் என்ற கொள்கை அத்தீர்ப்பினால் இந்தியச் சட்டத்தில் உறுதிபெற்றது. கழிவுநீரைத் தூய்மை செய்யாமல் வெளிவிடுவது இயலாததாயிற்று. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களின் இன்றியமையாமை வலுப்பெற்றது. நீரைத் தூய்மை செய்தபின் எஞ்சுவது சேறு. அச்சேற்றை எங்கேனும் தேக்கிவைக்க வேண்டும். தேக்கிவைப்பது சுவர்.

2015-ஆம் ஆண்டு சனவரி 31-ஆம் நாள், பொழுது விடியுமுன், இராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையிலிருந்த சுத்திகரிப்பு நிலையம் ஒன்றின் சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்தது. தேங்கியிருந்த கழிவுச் சேறு பெருக்கெடுத்து அருகிலிருந்த தோல் தொழிற்கூடத்துக்குள் புகுந்தது. அங்கே உறங்கிக்கொண்டிருந்தவர்களுள் பத்துப் பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பிழைப்பை நாடி மேற்கு வங்கத்திலிருந்து வந்த தொழிலாளர்கள். பகலெல்லாம் தோலோடும் நீரோடும் உழைத்துவிட்டு, வேலை செய்த இடத்திலேயே படுத்து உறங்கியவர்கள். சுவரின் மறுபக்கம் எவ்வளவு உயரத்துக்குச் சேறு நின்றது என்பதை அவர்கள் எவ்வாறு அறிந்திருக்க முடியும்?

சுவரைக் கணக்கிடுவோர் உள்ளே இருப்பதைக் கணக்கிட்டால் மட்டும் போதாது, வெளியே யார் இருக்கின்றனர் என்பதையும் எண்ண வேண்டும். அடுத்திருப்பது வெட்டவெளியா, நடைபாதையா, மனிதர் உறங்கும் கூடமா என்பதைப் பொறுத்து அச்சுவருக்கு வேண்டிய பாதுகாப்பு வேறுபடும். மதிப்பீட்டுத் தாளில் இதற்கென ஒரு பத்தி அச்சிடப்பட்டிருப்பதில்லை.

நீர் செய்வதை மண்ணும் செய்யும். கோவை மாவட்டத்து மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில் 2019-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் விடியற்காலையில், பெருமழையில் நனைந்த உயரமான சுற்றுச்சுவர் ஒன்று கீழிருந்த வீடுகளின்மேல் சரிந்து விழுந்து 17 பேர் உயிரிழந்தனர். அதுவும் உறங்கும் நேரமே. மேட்டு நிலத்தின் ஓரத்தில் எழும் மதில் எத்தகையதாயினும், மழைக்கு முன்னும் மழைக்குப் பின்னும் அது ஒரே சுவராக நிற்பதில்லை. உலர்ந்த மண் ஓரளவு தன்னைத் தானே தாங்கிக்கொள்ளும். நீர் நிரம்பிய மண்ணோ தன் எடையும் கூடி, நீரின் முழு அழுத்தத்தையும் உடன் சேர்த்துக்கொண்டு சுவரின்மேல் சாய்கின்றது. கட்டிய நாளில் மேஸ்திரி கண்டது கோடைகாலத்து மண்ணை. சுவர் தாங்க வேண்டுவது ஐப்பசி, கார்த்திகை மண்ணை.

இதனைப் பழையவர்கள் அறிந்திருந்தனர் என்பதற்கு வேலூரிலேயே சான்று உண்டு. 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வேலூர்க் கோட்டையின் மதில் அகழி நீரிலிருந்து எழுந்து நிற்கின்றது. பெரிய கருங்கற்கள் ஒன்றோடொன்று பொருந்த அடுக்கப்பட்ட அம்மதில், மேலே மனிதர் தாராளமாக நடந்து செல்லும் அளவுக்கு அகன்றது. அதனைக் கட்டியவர்கள் கல்லை மிச்சப்படுத்தும் எண்ணத்தோடு கட்டவில்லை என்பது உண்மையே. அரசர்க்குரிய பொருளும் ஆளும் அவர்களுக்கு இருந்தன. எனினும் சுவருக்கு அடி அகலமே உறுதி என்பது அதனைக் காண்பவர்க்கு விளங்காமற் போகாது.

மீண்டும் அந்தப் பத்து மீட்டர்ச் சுவருக்கு வரலாம். அதன் ஒருபுறம் நிலம் மேடாகி, இரண்டு மீட்டர் உயரத்துக்கு மண்ணைத் தாங்க வேண்டியிருப்பதாகக் கொள்க. அப்போது ஒரு கல் கனம் உதவாது. செங்கல்லையோ கருங்கல்லையோ கொண்டு கட்டும் தாங்குசுவரின் அடி அகலம், உயரத்தில் பாதிக்குக் குறையாமல் இருத்தல் பொது வழக்கு. அடியில் 1.20 மீட்டரும் உச்சியில் 45 செ.மீ.யும் கனமாக வைத்தால் மொத்தம் 16½ கன மீட்டர் ஆகும். செங்கல் 8,250, சிமெண்டு ஏறக்குறைய 20 மூட்டை. நீளமும் உயரமும் மாறவில்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே சுவராகவே தோன்றும். ஒரு தாளில் 2,000, மற்றொரு தாளில் 8,250. இரு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும் உரிமையாளர் முதல் தாளை எழுதியவரையே திறமையாளர் என்று எண்ணக்கூடும். தரையின் தன்மையைத் தோண்டிப் பார்த்துக் கணக்கிட்டுச் சொல்லும் பொறியாளரின் ஊதியமும் அவருக்கு வீண்செலவாகத் தோன்றும்.

செலவே இல்லாமல் சேரும் உறுதியும் சிறிது உண்டு. தாங்குசுவரில் இரண்டு மீட்டருக்கு ஒன்றாக, முன்பக்கம் சற்றே தாழ்ந்திருக்குமாறு குழாய்த் துண்டுகள் பதிக்கப்படுகின்றன. அவற்றின் வாயை மண் அடைத்துக்கொள்ளாதபடி பின்னே சல்லி கொட்டப்படுகின்றது. மண்ணில் தேங்கும் நீர் அவ்வழியே வடிந்துவிடுவதால் சுவரின் சுமையில் பெரும்பகுதி குறைகின்றது. வெளிப்புறம் பூச்சு வேலை செய்வோர் அத்துளைகள் அழகைக் கெடுப்பதாக எண்ணிச் சாந்தால் மூடிவிடுவதும் உண்டு. மழை விட்ட மறுநாள் காலையில் அக்குழாய்களிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தால், அனுபவமுடைய கொத்தனார் ஒன்றும் சொல்லாமல் கடந்து செல்வார். சொட்டாதிருந்தால், நீண்ட கம்பி ஒன்றைத் தேடி எடுத்து வந்து ஒவ்வொரு துளையாகக் குத்திப் பார்க்கத் தொடங்குவார்.